ஷாக்லியை விட்டுச் சென்ற எண்மர்

டிரான்சிஸ்டரின் வரலாற்றைக் கூறும் நூல் எதைப் புரட்டினாலும் ஒரு நிழற்படம் கண்ணில் படும். சோதனை மேசையின் முன் ஒருவர் அமர்ந்து கருவியின்மேல் குனிந்திருப்பார். அவரையடுத்து இருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பர். அமர்ந்திருப்பவர் வில்லியம் ஷாக்லி. நிற்பவர்கள் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் ஆவர். படத்தை மட்டும் பார்ப்பவர், ஆசான் செய்து காட்ட மாணவர் இருவர் கற்றுக்கொள்கிறார்கள் என்றே எண்ணுவார். ஆனால் அந்த மேசை பிராட்டெய்னுடையது. 1947 டிசம்பர் 16 ஆம் நாள் முதல் டிரான்சிஸ்டரை இயங்கச் செய்தவர்களும் நின்றுகொண்டிருக்கும் அவ்விருவரே. ஷாக்லி அவர்களுடைய குழுவின் தலைவர். பிராட்டெய்னுக்கு இந்தப் படம் கடைசிவரை பிடிக்கவில்லை என்பதில் வியப்பொன்றுமில்லை.

பழைய பூசல் ஒன்றை இப்போது கிளறுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நீங்கள் படிப்பை முடித்துவிட்டு ஓர் ஆய்வுக்கூடத்திலோ, தொழிற்சாலையிலோ, கணிப்பொறி நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்வீர்கள். முதற் சில ஆண்டுகள் உங்கள் கைத்திறமையும் மூளையும்தாம் உங்களுக்குப் பெயர் வாங்கித் தரும். பிறகு ஒருநாள் உங்களை அழைத்து, 'இனி இந்தப் பத்துப்பேரையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எப்போது முடிப்பது என்பனவெல்லாம் உங்கள் பொறுப்பு' என்று கூறுவார்கள். இன்றைய நிறுவனங்களில் இப்பதவிக்குப் புராடக்ட் மேனேஜர் என்றும் டெக் லீட் என்றும் பல பெயர்கள் வழங்குகின்றன. சம்பளம் உயரும், வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். உங்கள் தொழிலே அன்றோடு மாறிவிட்டது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நம் கல்லூரிப் பாடத்திட்டத்திலும் அதற்கு இடமில்லை. அந்த மாற்றத்தில் இடறி விழுந்தவர்களுள் ஷாக்லியைப் போன்ற மேதை வேறொருவர் இருப்பது அரிது. ஆகவேதான் அவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

அதற்குமுன் மெர்வின் கெல்லி என்பவரைச் சந்திப்போம். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனையை நீங்கள் படித்திருப்பீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மில்லிகனுடைய மாணவராயிருந்து அந்தச் சோதனைகளில் துணைபுரிந்தவர் கெல்லி. பிறகு அவர் தொலைபேசித் தொழிலுக்கு வந்தார். பெல் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடக் குழல்கள் செய்யும் பிரிவில் பல ஆண்டுகள் உழைத்தார். குழல்களின் குணம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவை மின்சாரத்தை விழுங்கும், சூடேறும், சில காலத்தில் எரிந்துபோகும். தொலைபேசி இணைப்பகங்களில் டக்டக்கென்று ஒலிக்கும் ரிலேக்களோ தேய்ந்துபோகும். குழலும் வேண்டாம், அசையும் உறுப்பும் வேண்டாம். திண்மப் பொருள் ஒன்றே மின்னோட்டத்தைப் பெருக்கவும் தடுக்கவும் விடவும் இயலுமா? 1936 இல் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரான கெல்லி, அதே ஆண்டில் பணியில் சேர்ந்த இளைஞர் ஷாக்லியிடம் இந்தக் கனவைக் கூறினார். போர் முடிந்த 1945 இல், இயற்பியலார், வேதியியலார், மின்சுற்று வல்லுநர் எனப் பலதுறையினரையும் ஒரே குழுவில் சேர்த்து அமர்த்தினார். குழுவை நடத்தும் பொறுப்பை ஷாக்லியிடமும் ஸ்டான்லி மார்கன் என்னும் வேதியியலாரிடமும் ஒப்படைத்தார்.

கெல்லியின் பெயரால் இயற்பியலில் ஒரு விதியும் இல்லை. ஆனால் எந்தக் கேள்வி கேட்கத் தக்கது, அதற்கு யார் யார் ஒன்றுகூட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதன் பிறகு அவர் சோதனை மேசையின் பக்கம் போய்த் தலையிடவும் இல்லை.

ஷாக்லி வேறு வார்ப்பு. அவருடைய திறமையை நான் குறைத்துக் கூறுவதாக எண்ணவேண்டாம். போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடும் முறைகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து அரசின் உயர்ந்த பதக்கத்தைப் பெற்றவர் அவர். சிக்கலான கணக்கொன்றை எடுத்து, அதன் உயிர்நிலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதறிவிடுவதில் அவருக்கு நிகரில்லை. 1945 இல் மின்புலத்தைக் கொண்டு குறைகடத்தியில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அவர் வகுத்த திட்டம் சோதனையில் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதைப் பார்டீன் விளக்கினார்: படிகத்தின் மேற்பரப்பிலேயே சில எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டு, புலம் உள்ளே நுழையாதபடி தடுத்துவிடுகின்றன. அந்த விளக்கத்தைப் பின்தொடர்ந்து சென்றபோதுதான் பார்டீனும் பிராட்டெய்னும், ஜெர்மானியப் படிகத்தின்மீது இரு பொன்முனைகளை நெருக்கமாக அழுத்தி வைத்த அந்த முதல் டிரான்சிஸ்டரை அடைந்தனர்.

குழுத்தலைவர் மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம் அது. ஷாக்லி மகிழ்ந்தார், ஆனால் அதைவிட மிகுதியாகப் புழுங்கினார். தமது பழைய கருத்தை அடிப்படையாக வைத்துத் தம் பெயரில் மட்டுமே காப்புரிமை எழுதிவிடலாம் என்று முயன்றார். அதே வகையான கருத்துக்கு லிலியன்ஃபெல்ட் என்பவர் முன்பே காப்புரிமை பெற்றிருந்ததால், நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் ஷாக்லியின் பெயரை அந்த விண்ணப்பத்தில் சேர்க்கவே இல்லை. அடிபட்ட புலியைப்போல் அவர் ஒரு விடுதி அறையில் தனியே அமர்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். 1948 ஜனவரி 23 இல், தொடுமுனைகள் இல்லாமல் மூன்று அடுக்குகளாலான சந்தி டிரான்சிஸ்டரின் கருத்து அவருக்குப் பிறந்தது. உலகம் இறுதியில் ஏற்றுக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். இயற்பியலார் என்ற முறையில் பார்த்தால் இதனை ஒரு பெரும் வெற்றி என்றே சொல்லவேண்டும்.

ஆனால் தலைவர் என்ற முறையில்? அந்தக் கருத்தை ஏறத்தாழ ஒரு மாதம் அவர் தம் குழுவினரிடமிருந்தே மறைத்து வைத்தார். பிப்ரவரியில் ஜான் ஷைவ் என்னும் குழு உறுப்பினர் தாம் கண்ட சோதனை முடிவொன்றைக் கூட்டத்தில் கூறியபோது, இவர் தம்மை முந்திவிடுவாரோ என்று அஞ்சி அவசரமாக எழுந்து வெளியிட்டார். எண்ணிப் பாருங்கள். தமக்குக் கீழே பணிபுரிபவர்களோடு தாமே ஓட்டப்பந்தயம் ஓடுகிறார் ஒரு தலைவர்! அவர் வென்றால் அவருடைய ஆட்கள் தோற்றவர்களாகிறார்கள். அவர்கள் வென்றால் இவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. சந்தி டிரான்சிஸ்டர் பற்றிய பணியிலிருந்து பார்டீனும் பிராட்டெய்னும் ஒதுக்கி வைக்கப்பட்டனர். 1951 இல் பார்டீன் வேலையை விட்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திற்குப் போய்விட்டார். அங்கே மீகடத்தலின் மருமத்தை இரு இளைஞர்களுடன் சேர்ந்து விடுவித்து, 1972 இல் இரண்டாம் முறையாக இயற்பியல் நோபெல் பரிசைப் பெற்றார். இயற்பியலில் இருமுறை அப்பரிசு பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அத்தகைய ஒருவரைத் தம் குழுவில் வைத்துக்கொள்ள ஷாக்லிக்குத் தெரியவில்லை.

பெல் ஆய்வுக்கூடத்தில் ஷாக்லியின் பதவி உயர்வு நின்றுபோயிற்று. அறிவில் தம்மைவிடக் குறைந்தவர்கள் மேலே செல்வதைக் கண்டு அவர் மனம் கசந்தார். 1955 இல் வெளியேறி, ஆர்னல்ட் பெக்மன் என்னும் கருவி உற்பத்தியாளரின் பணத்தைக் கொண்டு சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்க ஒப்பந்தம் செய்துகொண்டார். தம் தாயார் வாழ்ந்த ஊருக்கு அருகில், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில், 1956 இல் அது செயற்படலாயிற்று. பின்னாளில் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று பெயர்பெற்ற அந்தப் பகுதிக்குச் சிலிக்கனைக் கொண்டுவந்தவர் அவரே.

பழைய தோழர்கள் பலரை அழைத்தார். பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவரும் அவரோடு வர இசையவில்லை. பத்தாண்டுக்கு மேல் ஒருவரோடு பணிபுரிந்தவர்கள் இப்படி மறுத்தால், அதைவிடத் தெளிவான நற்சான்று வேறு வேண்டுமா? எனவே அவர் நாடெங்கும் தேடி இளைஞர்களைத் திரட்டினார். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர், ழான் ஹோர்னி, ஜே லாஸ்ட் ஆகியோர் அவர்களுள் சிலர். பெரும்பாலோர் முப்பது வயதை ஒட்டியவர்கள். இவ்வளவு கூர்மையான அறிவாளிகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது ஷாக்லியின் தனித்திறமை என்பதை மறுக்க முடியாது. அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கும் பார்டீன், பிராட்டெய்னுக்கும் சேர்த்து நோபெல் பரிசு அறிவிக்கப்பெற்றது. எல்லாம் கைகூடி வந்தன.

ஆனால் ஓராண்டிற்குள் எல்லாம் சரிந்தன. இளைஞர் ஒருவர் நல்ல முடிவொன்றைக் கொண்டுவந்தால், ஷாக்லி அவர் முன்னிலையிலேயே பெல் ஆய்வுக்கூடத்து நண்பரைத் தொலைபேசியில் அழைத்து 'இது சரிதானா?' என்று விசாரிப்பார். எல்லோருடைய சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார், ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்பது அவர் எண்ணம், விளைந்தது மனக்கசப்பு. ஒருமுறை அலுவலகப் பெண் ஒருவரின் கையைக் கதவிலிருந்த கூர்முனை ஒன்று கிழித்துவிட்டது. யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்று கொண்டு, பணியாளர்களைப் பொய்யறியும் கருவிச் சோதனைக்கு உட்படுத்த முற்பட்டார். அந்தக் கூர்முனையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, அது தலை உடைந்துபோன ஒரு சாதாரணத் தாளாணி என்று தெரிந்தது!

இவற்றையெல்லாம் மேதைகளின் விசித்திரக் குணங்கள் என்று சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் எந்தப் பொருளைச் செய்வது என்னும் முடிவில் அவர் செய்ததைத் தள்ளிவிட முடியாது. நிறுவனம் தொடங்கப்பட்டது சிலிக்கன் டிரான்சிஸ்டர் செய்வதற்காக. ஜெர்மானியம் வெப்பத்தைத் தாங்காது. ஆகவே சிலிக்கன் டிரான்சிஸ்டருக்கு விமானத்துறையும் கணிப்பொறி நிறுவனங்களும் காத்துக்கிடந்தன. ஷாக்லியோ நடுவழியில் திரும்பி, நான்கு அடுக்கு டயோடு என்னும் வேறொரு கருவியின்மேல் காதல் கொண்டார். இதில் பி, என், பி, என் என நான்கு அடுக்குகள் மாறிமாறி இருக்கும். குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை கடத்தாது; அதைத் தாண்டியவுடன் சட்டென்று கடத்தத் தொடங்கும். ஒரு படிகத்துண்டே ரிலேயின் வேலையைச் செய்துவிடும். கருத்து அழகானது. கெல்லி என்றோ சொன்ன கனவின் நேர்விடையும் அதுவே.

ஆனால் செய்வது எப்படி? மெல்லிய சிலிக்கன் தகட்டின் இரு முகங்களையும் மெருகேற்றி, இரு பக்கமிருந்தும் மாசணுக்களை அளவோடு ஊடுருவச் செய்யவேண்டும். இங்கே ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பொருள் பத்துப் படிகளில் உருவாகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு தேறினாலும், முடிவில் தேறுவது 0.9 இன் பத்தாம் அடுக்கு, அதாவது நூற்றுக்கு 35 மட்டுமே. படிகளை இருபதாக்கினால் 12 தான் மிஞ்சும். அக்காலத்தில் ஒரு படிக்குத் தொண்ணூறு தேறுவதே கனவு. சந்தையில் அந்தப் பொருளுக்காகக் காத்திருந்தவரும் மிகச் சிலர். மூரும் நாய்ஸும் இதனை எடுத்துச் சொன்னார்கள். ஷாக்லி கேட்கவில்லை. தாளில் சரியாக வரும் ஒன்று உலையிலும் சரியாக வந்தாக வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. கோட்பாட்டில் வல்லவர்களுக்கு இந்த நோய் எளிதில் தொற்றும். இயற்பியல் ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர்.

1957 மே மாதத்தில் பெக்மன் நேரில் வந்து செலவைக் குறைக்கும்படி கேட்டபோது, 'உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் என் ஆட்களை அழைத்துக்கொண்டு வேறு ஆதரவாளரிடம் போய்விடுவேன்' என்ற பொருள்பட ஷாக்லி எல்லோர் முன்னிலையிலும் மறுமொழி கூறினார். அந்த ஆட்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. சில நாட்களில் அவர்களே பெக்மனைத் தொடர்பு கொண்டனர். அவர்கள் எடுத்தவுடன் ஓடிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஷாக்லியை ஆலோசகராக வைத்துக்கொண்டு, நிர்வாகத்திற்கு வேறொருவரை அமர்த்தும்படிதான் கேட்டார்கள். பெக்மன் முதலில் இசைந்தார். பிறகு மனம் மாறி, ஷாக்லியே தலைவர் என்று அறிவித்துவிட்டார். கதவு மூடப்பட்டபின், செப்டம்பர் 18 அன்று எண்மர் ஒன்றாக விலகினர். 'துரோகி எண்மர்' என்னும் பட்டம் பின்னாளில் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

அவர்கள் முதலில் செய்த ஒரு செயல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபேர்சைல்டு என்னும் நிழற்படக் கருவி நிறுவனத்தின் பணத்தில் புதிய தொழில் தொடங்கியபோது, எங்களில் யாருக்கும் நிர்வாகம் தெரியாது என்று கூறி, பால்ட்வின் என்னும் அனுபவசாலியை மேலாளராக வெளியிலிருந்து அழைத்து வந்தார்கள். எட்டு வல்லுநர்கள் சேர்ந்து இப்படிச் சொல்வது அரிது. என்ன செய்வது என்பதையும் வாடிக்கையாளரிடமிருந்தே தொடங்கினார்கள். போர்விமானக் கணிப்பொறிக்காக ஐ.பி.எம். நிறுவனத்திற்கு நூறு சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. ஒன்றுக்கு 150 டாலர் கொடுக்கத் தயாராயிருந்தது. 1958 கோடைக்குள் செய்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. சில டிரான்சிஸ்டர்களைப் பென்சிலால் தட்டினாலே கெட்டுப்போயின. உறைக்குள்ளிருந்த நுண்ணிய உலோகத்துகள் சிதறி, திறந்து கிடந்த சந்தியின்மீது விழுந்து குறுக்குச்சுற்று ஏற்படுத்தியதே காரணம். ஹோர்னி 1957 டிசம்பரிலேயே தம் குறிப்பேட்டில் ஒரு வழி எழுதி வைத்திருந்தார். சிலிக்கன்மேல் உண்டாகும் ஆக்சைடு படலத்தை அழுக்கென்று கருதி அரித்து நீக்குவது அன்றைய வழக்கம். நீக்காமல் விட்டால் அதுவே சந்திக்குப் போர்வையாகுமே என்பது அவர் எண்ணம். அதுவரை கிடப்பில் இருந்த அந்தக் கருத்து 1959 இல் செயலுக்கு வந்தது. சமதள முறை என்று இதற்குப் பெயர். அதே ஆண்டு ஜனவரியில், இம்முறைக்கு வேறு என்னென்ன பயன் உண்டு என்று காப்புரிமை வழக்கறிஞர் கேட்டிருந்ததையொட்டிச் சிந்தித்த நாய்ஸ், அந்தப் படலத்தின்மேல் உலோகக் கோடுகளை ஓட்டிப் பல டிரான்சிஸ்டர்களை ஒரே துண்டில் இணைக்கலாம் என்று எழுதினார். முந்திய ஆண்டே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி வேறு முறையில் ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டியிருந்தார். எனினும் உங்கள் கைப்பேசியில் இருக்கும் சில்லு, ஹோர்னியின் போர்வையும் நாய்ஸின் கோடுகளும் சேர்ந்த வழியில் வந்ததேயாகும்.

பால்ட்வின் 1959 இல் வேறு நிறுவனம் தொடங்கப் போய்விட, நாய்ஸ் மேலாளரானார். அவர் ஷாக்லிக்கு நேர்மாறானவர். யாருடைய கருத்தையும் காதுகொடுத்துக் கேட்பார். அவரிடம் பேசிவிட்டு வருபவர் தாமே பெரிய அறிவாளி என்று உணர்வார். அப்படியானால் அவர் குறையற்ற தலைவரா? அப்படியும் இல்லை. யாருக்கும் மனம் நோகும்படி ஒரு முடிவைச் சொல்ல அவரால் இயலாது. ஜே லாஸ்டின் குழு 1960 இல் ஒருங்கிணைந்த சுற்றை உண்மையாகவே செய்து காட்டிய பிறகும், பத்து இலட்சம் டாலர் பாழாகிவிட்டது, இதை நிறுத்துங்கள் என்று விற்பனைப் பிரிவினர் குரலெழுப்பினர். லாஸ்ட் வெறுத்துப்போய் 1961 இல் வெளியேறினார். ஹோர்னியும் உடன் சென்றார். ஷாக்லியின் கடுமையிலிருந்து தப்பி வந்தவர்களை ஃபேர்சைல்டின் தயக்கமும் பிடித்துவைக்க முடியவில்லை.

1968 ஜூலையில் நாய்ஸும் மூரும் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியபோது தொடக்கத்திலேயே உடன் வந்தவர் ஆண்ட்ரு குரோவ் என்னும் ஹங்கேரி அகதி. கசப்பான முடிவுகளைச் சொல்லும் பொறுப்பு அவருடையதாயிற்று. ஒரு மேலாளரின் உற்பத்தி என்பது அவருடைய குழுவின் உற்பத்திதான் என்று 1983 இல் வெளிவந்த தம் நூலில் அவர் கணக்குப் போட்டார். இந்த ஒரு வரி 1948 இல் ஷாக்லிக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும். 1985 இல் இன்டெல்லைத் தாங்கி நின்ற நினைவகச் சில்லுத் தொழில் ஜப்பானியப் போட்டியால் நட்டத்தில் மூழ்கியது. குரோவ் மூரிடம், நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத்தைக் கைவிடுவார் என்றார் மூர். அப்படியானால் அதை நாமே செய்துவிடலாமே என்று இருவரும் முடிவு செய்தனர். தாங்கள் வளர்த்த பொருளைத் தாங்களே விட்டுவிட்டு நுண்செயலிகளின் பக்கம் திரும்பினார்கள். மூர் வேதியியலில் ஆய்வுப்பட்டம் பெற்றவர், குரோவ் வேதிப்பொறியியலில். இந்தக் கேள்வியை அவர்கள் எந்த வகுப்பிலும் கற்றிருக்க முடியாது.

ஷாக்லியின் நிறுவனம் எண்மர் போன பிறகு தலைதூக்கவே இல்லை. பெக்மன் அதை 1960 இல் விற்றுவிட்டார். ஷாக்லி 1963 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். மனித இனங்களின் அறிவுத்திறனை உயர்வு தாழ்வு கற்பித்துப் பேசும், அறிவியல் அடிப்படையற்ற வாதங்களில் இறங்கித் தம் எஞ்சிய பெயரையும் கெடுத்துக்கொண்டு 1989 இல் மறைந்தார்.

அவர் விடாப்பிடியாகப் பற்றியிருந்த நான்கு அடுக்குப் படிகம் மட்டும் பிழைத்துக்கொண்டது. எண்மர் விலகிய அதே 1957 இல், நான்கு அடுக்குகளோடு, வேண்டும்போது கடத்தலைத் தொடங்கி வைக்கும் மூன்றாவது முனை ஒன்றையும் சேர்த்து ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியியலார் ஒரு கருவியைச் செய்தனர். தைரிஸ்டர் என்று அதனை அழைக்கிறோம். பெரும் மின்னோட்டங்களைக் கட்டுப்படுத்த வேண்டிய தொழிற்சாலைகளிலும் மின்ரயில் எஞ்சின்களிலும் அது இடம் பிடித்தது. அதன் நெருங்கிய உறவான டிரையாக், உங்கள் அறையிலுள்ள மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் இருக்கக்கூடும்.